கடைசிப் பெயருக்கு அடுத்து என்ன?

பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் எந்த இடத்தில் இருந்தது? ஆனந்தி, அருண், பாலா என்றால் கவலையில்லை. ஆசிரியர் பதிவேட்டைத் திறந்த அரை நிமிடத்தில் உங்கள் வேலை முடிந்துவிடும். விக்னேஸ்வரி, யோகேஸ்வரி, யுவராஜ் என்றால் கதையே வேறு. ரூமி எழுத்து வரிசையில் தடுப்பூசிக்கும் கடைசி, பரிசுக்கும் கடைசி. ஆசிரியர் பிறந்தநாள் மிட்டாய் டப்பாவைப் பட்டியல்படி நீட்டினால், யுவராஜுக்கு வரும்போது வெறும் காகிதம்தான் மிஞ்சியிருக்கும்.

இந்த வாரம் அந்தக் கடைசிப் பெயர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். மிட்டாய் போனால் போகட்டும். சம்பளம் போனால்?

என் சித்தி மகன் கிள்ளானில் இருந்து தினமும் கொமுட்டர் பிடித்து கே.எல். சென்ட்ரல் வந்து வேலை பார்ப்பவன். நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதுவது அவன் தொழில். போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"அக்கா, சோதனை ஓட்டத்துல நாற்பது பேருக்கு சம்பளம் போட்டுப் பார்த்தோம். முப்பத்தொன்பது பேருக்குச் சரியா போகுது. கடைசி ஆளுக்கு மட்டும் ரெண்டு தடவை போகுது."

"கடைசி ஆள் ஒருத்தர்தானேடா?"

"அந்த ஒருத்தரும் ஆள்தானே அக்கா?"

அந்தப் பதிலுக்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அவன் விளக்கினான். எனக்குப் புரிந்ததை வானொலியில் பேசுகிற பாஷையில் உங்களுக்குச் சொல்கிறேன். மென்பொருள் துறையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது தெரிந்த சங்கதியாக இருக்கலாம். அப்படியும் படியுங்கள். வீட்டில் அம்மா அப்பாவுக்கு நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்ல ஒரு வழி கிடைக்கும்.

பெட்டிக்குள் கையை விட்டால்தான் தெரியும்

கோயிலில் ஒரு பெட்டி நிறைய அர்ச்சனைச் சீட்டு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் சுந்தரராஜ பெருமாள் கோயிலில் புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அர்ச்சகர் பெட்டிக்குள் வலது கையை விடுகிறார். ஒரு சீட்டை எடுத்து இடது கைக்கு மாற்றுகிறார். பெயர், நட்சத்திரம் படித்து அர்ச்சனை செய்கிறார். மறுபடி கையை விடுகிறார். இப்படியே போகிறது.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. பெட்டி மூடியிருக்கிறது. மேலே ஒரு துவாரம்தான். உள்ளே இன்னும் எத்தனை சீட்டு என்று எட்டிப் பார்க்க முடியாது. சீட்டு தீர்ந்துவிட்டது என்பது, கையை விட்டுத் துழாவி ஒன்றும் அகப்படாதபோதுதான் தெரியும்.

கணினியில் பட்டியலை ஒவ்வொரு வரியாக எடுக்கும் வேலையும் இதேதான். எடுக்கிற கைக்குப் பெயர் 'கர்சர்'. கையை விட்டு எடுப்பதற்குப் பெயர் 'ஃபெட்ச்'. திரும்பத் திரும்பச் செய்வதற்குப் பெயர் 'லூப்'. நாற்பது பேர் இருந்தால் கர்சர் நாற்பது முறை கையை விட்டால் போதாது. நாற்பத்தொன்றாவது முறையும் விட வேண்டும். அந்த வெறுங்கைதான் 'முடிந்தது' என்ற செய்தி.

இப்போது கோளாறுக்கு வருவோம். நாற்பத்தொன்றாவது முறை வலது கையில் ஒன்றும் வரவில்லை. ஆனால் இடது கையில் என்ன இருக்கிறது? நாற்பதாவது ஆளின் சீட்டு அப்படியே இருக்கிறது. அர்ச்சகர் வலது கையைக் கவனிக்காமல், பழக்கத்தில் இடது கையைப் பார்த்துப் படித்தால் யுவராஜுக்கு இரண்டாவது அர்ச்சனை நடந்துவிடும்.

அர்ச்சனை இரண்டு முறை நடந்தால் புண்ணியம். சம்பளம் இரண்டு முறை போனால் நிறுவனத்துக்கு நஷ்டம். கடன் தவணை இரண்டு முறை பிடித்தால் நமக்கு நஷ்டம்.

சித்தி மகனின் நிரலில் நடந்தது இதுதான். 'எடு, சம்பளம் போடு, முடிந்துவிட்டதா பார்' என்று எழுதியிருந்தார்கள். எழுதியிருக்க வேண்டியது, 'எடு, கிடைத்ததா பார், கிடைத்தால் மட்டும் சம்பளம் போடு.' நடுவில் இருப்பதும் கடைசியில் இருப்பதும் இடம் மாறிவிட்டன. நாற்பது வரி அச்சடித்த காகிதத்தில் கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. முதல் பத்துப் பேரை மட்டும் சரிபார்த்தாலும் தெரியாது.

இது புதிய நோயும் இல்லை. நம் தாத்தா காலத்துக் கோபால் மொழியிலேயே கோப்பைப் படிக்கும் கட்டளையோடு 'அட் எண்ட்' என்று ஒரு சொல் உண்டு. முடிவு வந்தால் என்ன செய்வது என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும். சி மொழியில் கோப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள், கடைசி வரி இரண்டு முறை அச்சாகிறதே என்று இன்றைக்கும் தலையைச் சொறிகிறார்கள். மொழி மாறினாலும் பெட்டியும் வெறுங்கையும் மாறவில்லை.

ஒருவர் வரவில்லை என்றால் பெரட்டு முடிந்ததா?

இரண்டு முறை போவதாவது கண்ணுக்குத் தெரிகிற தப்பு. கணக்கு உதைக்கும், யாராவது பிடித்துவிடுவார்கள். சித்தி மகன் சொன்ன இரண்டாவது கோளாறுதான் எனக்கு உறைத்தது. அதில் சத்தமே வராது.

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தை நம் ஊரில் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் 'இனி வரி இல்லை' என்ற நிலை வந்தால் ஒரு கொடியைத் தூக்கு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அந்த ஏற்பாட்டுக்கு 'நாட் ஃபவுண்ட் ஹேண்ட்லர்' என்று பெயர். 'கிடைக்கவில்லை என்றால் கவனித்துக்கொள்பவர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடி எழுந்ததும் லூப் நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் லூப்புக்குள் ஒவ்வோர் ஆளுக்கும் இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள்: 'இவருடைய வங்கிக் கணக்கு எண் என்ன?' பத்தாவது ஆள் புதிதாகச் சேர்ந்தவர். கணக்கு எண்ணை இன்னும் யாரும் பதியவில்லை. பதில், 'கிடைக்கவில்லை.' அவ்வளவுதான், அதே கொடி எழுந்துவிடும்! எழுப்பியது வேறு கேள்வி. ஆனால் கொடி ஒன்றுதான் இருக்கிறது. கொடியைப் பார்த்த லூப், பட்டியலே முடிந்துவிட்டது என்று கடையைக் கட்டிவிடும். பதினொன்று முதல் நாற்பது வரை முப்பது பேருக்குச் சம்பளம் இல்லை. திரையில் சிவப்பு எழுத்து எதுவும் வராது. வேலை நல்லபடியாக முடிந்தது என்றுதான் வரும்.

நம் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்றவர்களுக்குத் தெரியும். கிராணி செக்ரோல் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "முனியம்மா!" பதில் இல்லை. காய்ச்சலாக இருக்கலாம், பிள்ளைக்குச் சுகமில்லாமல் இருக்கலாம். கிராணி அந்தப் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். முனியம்மா வரவில்லை என்பதற்காகப் புத்தகத்தை மூடிவிட்டு, இன்றைக்குத் தோட்டத்தில் ஆளே அவ்வளவுதான் என்று யாரும் சொல்லவில்லை. 'இவர் இல்லை' என்பது ஒரு செய்தி. 'இனி எவரும் இல்லை' என்பது வேறு செய்தி.

அந்தச் செக்ரோலில் இருந்த ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பத்தின் அரிசி. 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காகப் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் சேர்த்தார்கள். அந்தப் பத்து வெள்ளியை யார் பெயரில் வரவு வைப்பது என்பதில் ஒரு வரி தவறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பேரேடு காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியதால் வரியின் கனம் குறைந்துவிடவில்லை.

இதற்கு மருந்து சுலபம் என்கிறான் சித்தி மகன். ஒவ்வொரு கேள்விக்கும் தனிக் கொடி. உள்ளே கேட்கும் கேள்வியை ஒரு தனி அறையில் வைத்து, அதற்கென்று தனி ஹேண்ட்லர் எழுத வேண்டும். அந்த அறையில் எழும் கொடி வெளியே தெரியக் கூடாது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வரிலும் இதே சிக்கலுக்கு ஓர் அண்ணன் தம்பி உண்டு. அங்கே கடைசியாக எடுத்தது கிடைத்ததா என்று சொல்லும் எண், ஓர் இணைப்பில் ஓடும் எல்லாக் கர்சர்களுக்கும் பொது. உள்ளே வேறொரு கர்சர் ஓடினால், வெளியே இருப்பவர் அடுத்தவருடைய பதிலைத் தன் பதில் என்று நினைத்துக்கொள்வார். அதனால் எடுத்த கையோடு பார்த்துவிட வேண்டும். தள்ளிப் போடக் கூடாது.

முடிவே வராத ஒரு நாள்

சீக்கிரம் முடிவது ஒரு வகை. முடியாமலே போவது இன்னொரு வகை. 2008ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட்டின் 'சூன்' என்ற பாட்டுப் பெட்டிகள், 30 ஜிபி ரகம் அத்தனையும், ஒரே நாளில் உறைந்துபோயின. புத்தாண்டுக்கு முதல் நாள், பாட்டு இல்லை!

காரணம் ஒரு சின்ன லூப். அந்தப் பெட்டி நாள் கணக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டாகக் கழித்து இன்று எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்கும். மிச்சம் 365 நாளுக்கு மேல் இருக்கும்வரை கழித்துக்கொண்டே இரு என்பது கட்டளை. லீப் ஆண்டாக இருந்தால், 366க்கு மேல் இருந்தால் மட்டும் கழி என்பது உட்கட்டளை. 2008 லீப் ஆண்டு. டிசம்பர் 31 அதன் 366ஆவது நாள். 365க்கு மேல், ஆகவே லூப்பை விட்டு வெளியே போக முடியாது. 366க்கு மேல் இல்லை, ஆகவே கழிக்கவும் முடியாது. வாசலும் இல்லை, வேலையும் இல்லை. பெட்டி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. மின்கலம் தீரும்வரை விட்டுவிட்டு, ஜனவரி 1ஆம் தேதி மறுபடி மின்னேற்றிக்கொள்ளுங்கள் என்றது நிறுவனம். நாள் மாறியதும் தானாகச் சரியாகிவிட்டது.

கடைசி நாளைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. யுவராஜுக்கு நடப்பதும் டிசம்பர் 31க்கு நடப்பதும் ஒரே காரணத்தால்தான். நாம் எல்லோரும் நடுவில் இருப்பதைத்தான் சோதிக்கிறோம்.

முடிந்தது என்பது தப்பு இல்லை

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. தரவுத்தளங்களோடு பேசும் எஸ்கியூஎல் மொழியின் தரநிலையில், ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பதில் எண் வரும். 00 என்று தொடங்கினால் வெற்றி. 01 என்றால் எச்சரிக்கை. 02 என்றால் 'தரவு இல்லை'. பிழைகளுக்கெல்லாம் வேறு எண்கள். அதாவது, 'இனி ஒன்றும் இல்லை' என்பதை இந்த மொழியை வகுத்தவர்கள் பிழைக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. தனி நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஐபிஎம்மின் டிபி2வில் இன்னும் அழகு. பிழை என்றால் கழித்தல் குறியோடு எண் வரும். எல்லாம் சரி என்றால் 0. பட்டியல் முடிந்தது என்றால் +100. நூற்றுக்கு நூறு! நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

ஆனால் மைஎஸ்கியூஎல்லில் ஹேண்ட்லர் எழுத மறந்துவிட்டால், கர்சர் பட்டியலின் முடிவுக்கு வந்ததும் 1329 என்ற எண்ணோடு பிழையாகவே வந்து நிற்கும். வேலை முடிந்ததைத் தோல்வி என்று அறிவித்துவிட்டு, அதற்குப் பிறகு செய்ய வேண்டிய மொத்தக் கணக்கு, உறுதிச் செய்தி எதையும் செய்யாமல் போய்விடும். முடிவை எதிர்பார்த்து ஏற்பாடு செய்தவனுக்கு அது செய்தி. எதிர்பார்க்காதவனுக்கு அது விபத்து.

வானொலிக்காரர்களுக்கு இது பழகிய பாடம். ஒலி நின்றால் நேயருக்கு இரண்டு சந்தேகம் வரும். நிகழ்ச்சி முடிந்ததா, நிலையம் படுத்துவிட்டதா? அதனால்தான் விடைபெறாமல் நாங்கள் போவதில்லை. ஆர்.டி.எம். தொலைக்காட்சி இரவில் நெகாராகூ ஒலித்த பிறகு திரையை அணைத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். அது வெறும் தேசப்பற்று மட்டுமல்ல, 'இது கோளாறு இல்லை, முடிவு' என்ற அறிவிப்பும்கூட. காசோலையில் தொகையை எழுத்தால் எழுதிவிட்டு 'சகாஜா' என்று சேர்க்கிறோமே, அதுவும் அப்படித்தான். இதற்கு மேல் ஒன்றும் இல்லை, யாரும் ஒன்றும் சேர்க்கவும் முடியாது.

வெறும் பெட்டியையும் மறக்கக் கூடாது. ஒரு நாள் பட்டியலில் ஒருவருமே இல்லாமல் இருக்கலாம். பிறந்தநாள் வாழ்த்துக்கு ஒரு பெயரும் வராத நாள் உண்டு. முதல் தடவை கையை விடும்போதே வெறுங்கை. நல்ல நிரல் அமைதியாகப் பெட்டியை மூடிவிடும். மோசமான நிரல் பெயரில்லாத ஒருவருக்கு வாழ்த்துச் சொல்லும்.

எழுதுகிறவர்களுக்கும், வாங்குகிறவர்களுக்கும்

மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளுக்கு, சித்தி மகன் சொன்னதைத் தொகுத்துத் தருகிறேன். எடு, பார், பிறகு செய்; இந்த வரிசை மாறக் கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் தனிக் கொடி. முடிந்ததும் கர்சரை மூடு. பட்டியலில் ஒருவரும் இல்லை, ஒருவர் மட்டும், நடுவில் ஒருவருக்கு விவரம் இல்லை, கடைசி ஆள் என நான்கையும் சோதித்துப் பார். அதற்கும் முன்னால், லூப் வேண்டுமா என்று கேள். எல்லோருக்கும் ஐந்து விழுக்காடு உயர்வு என்றால் ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரே வாக்கியத்தில் மொத்தப் பட்டியலுக்கும் சொல்லிவிடலாம். பெட்டியும் இல்லை, வெறுங்கையும் இல்லை.

எண்ணிப் பார்ப்பதும் அவசியம். வங்கிக்குப் போகும் பல சம்பளக் கோப்புகளின் கடைசி வரியில் எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்று இருக்கும். போனவர்களின் எண்ணிக்கையும் போக வேண்டியவர்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு சென்கூட நகரக் கூடாது.

சம்பளம் வாங்குகிற நமக்கும் வேலை உண்டு. 1955 வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். இ.பி.எஃப். சந்தாவை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். மாதம் ஒரு தடவை ஐ-அக்காவுன் திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஒரு மாதம் விடுபட்டிருந்தால் முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். 'சிஸ்டம் பிராப்ளம்' என்று பதில் வந்தால், எந்த சிஸ்டம், எப்போது சரியாகும் என்று கேளுங்கள். சம்பளம் வராமல் இழுத்தடித்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, யுவராஜுக்கு இரண்டு சம்பளம் வந்துவிட்டால்? கைப்பேசியில் தொகையைப் பார்த்ததும் முருகன் அருள் என்று நினைத்துத் தங்கக் கடைக்குப் போய்விட வேண்டாம். முதலாளி தவறுதலாக அதிகம் கொடுத்த சம்பளத்தை, முந்தைய மூன்று மாதத்துக்குள் கொடுத்ததாக இருந்தால், பிடித்துக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. அந்தப் பணத்தைத் தொடாமல், அன்றே எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். லூப் செய்த தப்புக்கு அடுத்த மாத வீட்டு வாடகையில் நீங்கள் திண்டாட வேண்டியதில்லை.

பட்டியலின் முதல் பெயரை எல்லோரும் சரிபார்ப்பார்கள். நடுப் பெயர்கள் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். ஒரு நிரல் ஒழுங்காக எழுதப்பட்டதா, ஒரு நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது. கடைசிப் பெயர்க்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால் போதும்: "உங்களுக்கு வந்துவிட்டதா? ஒரு தடவைதானே வந்தது?"

இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால் பெட்டியை மூடிவிடலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம், வணக்கம்.